22 மாதக் குழந்தை மூன்று சொற்களே பேசுகிறான்: வளர்ச்சி மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு இப்போது 22 மாதம். 33 வாரத்தில் பிறந்து, சில வாரங்கள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவன். மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைக்கப்பட்டவன். 16 மாதத்தில் நடந்துவிட்டான். ஆனால் ‘அம்மா’, ‘தாத்தா’, ‘வா’ என்ற மூன்று சொற்களுக்கு மேல் வரவில்லை. ஒரு தனியார் மையத்தில் இருபது கேள்விகள் கொண்ட தாளை நிரப்பச் சொல்லி, ஐந்து மதிப்பெண் வந்திருப்பதால் ஆட்டிசம் என்று கூறி, ஆறு மாதத் தெரபிக்கு முன்பணம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் உங்கள் மாமியாரோ, “ஆம்பளைப் புள்ள மெதுவாத்தான் பேசுவான், அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்” என்கிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி இதுதான்: ஒரு சிறு குழந்தையின் வளர்ச்சி தாமதமாகிறதா, ஆகிறது என்றால் ஏன் என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள், அந்த வேலை முறையாக நடந்ததா என்பதைப் பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தை மருத்துவம் படித்து, வளர்ச்சிக் குறைபாடுகளில் தனிப் பயிற்சி பெற்று, பல ஆண்டுகளாக அரசு மருத்துவமனையின் வளர்ச்சிப் பிரிவில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் அவனுக்கு இன்னது இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களை இங்கிருந்தே உறுதியாகச் சொல்லலாம். அந்த ஒரு தாளை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொன்னது சரியான முறை அல்ல. மூன்று வயது வரை பொறுத்திருந்து பார்ப்பதும் சரி அல்ல. மையத்தின் மீது உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான் என்றாலும், அந்தச் சந்தேகம் காத்திருப்பதற்கான காரணமாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

முதலில் அவனுடைய வயதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். நாற்பது வாரத்துக்கு ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தவன் என்பதால், இரண்டு வயது வரையிலாவது அவனுடைய வளர்ச்சியைத் திருத்திய வயதை வைத்தே அளக்கிறோம். அதாவது, பிறந்த தேதியிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் அவன் இப்போது இருபது மாதத்தைச் சற்றே தாண்டிய குழந்தை. நடந்தது பதினான்கரை மாதத்தில். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானம் இன்றித் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. உதவியின்றி உட்காருவதற்கே 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை இடைவெளி உண்டு. கை முட்டி ஊன்றித் தவழாமலே நேராக எழுந்து நின்ற குழந்தைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆகவே நடையைப் பொறுத்தவரை உங்கள் மகன் எல்லைக்குள்தான் இருக்கிறான்.

பேச்சைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் ஓரளவுக்குத்தான் உதவும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, பாதிக் குழந்தைகள் செய்யும் வயதுக்குப் பதிலாக, நூற்றில் 75 குழந்தைகளாவது செய்துவிடும் வயதை அளவாக வைத்துக்கொண்டது. அந்தத் தளர்வான அளவிலேயே, 18 மாதத்தில் ‘அம்மா’, ‘அப்பா’ தவிர மூன்றோ அதற்கு மேலோ சொற்களைச் சொல்ல முயல வேண்டும் என்றிருக்கிறது. ‘அம்மா’வைக் கழித்தால் திருத்திய இருபது மாதத்தில் உங்கள் மகனுக்கு இரண்டு சொற்கள். இதைப் பயங்கரமான தாமதம் என்று சொல்ல மாட்டேன். பரிசோதிக்க வேண்டிய தாமதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி அந்த இருபது கேள்வித் தாள். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது எம்-சாட் என்று சொல்லப்படும் வினாத்தாளின் திருத்திய வடிவம். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது, நல்ல கருவி, நாங்களும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது ஒரு சல்லடை. மேலும் பார்க்க வேண்டிய குழந்தைகளைப் பிரித்தெடுப்பதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. மதிப்பெண் 0 முதல் 2 வரை இருந்தால் ஐயம் குறைவு. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். 3 முதல் 7 வரை இருந்தால், தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு பெற்றோருடன் இரண்டாம் கட்டமாக உரையாட வேண்டும். உங்கள் மகனுக்கு வந்த ஐந்து மதிப்பெண் சரியாக இந்த நடுப்பகுதியில் விழுகிறது. உரையாடலுக்குப் பின்னும் இரண்டோ அதற்கு மேலோ நின்றால்தான் அந்தத் தாள் ஐயத்தை உறுதிப்படுத்துகிறது. அந்த இரண்டாம் கட்டம் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லையென்றால் அந்தச் சோதனை பாதியில் நிற்கிறது.

இந்த உரையாடல் வெறும் சடங்கு அல்ல. ‘வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா?’ என்ற கேள்விக்கு ஒரு தாய் ‘ஆம்’ என்று எழுதுவார். விசாரித்தால், குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைப்பதைத்தான் அவர் சொல்லியிருப்பார். அது சுட்டுவது ஆகாது. இன்னொரு வீட்டில் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே பாட்டி, குழந்தை வாய் திறப்பதற்குள் பாலையும் பிஸ்கட்டையும் கையில் கொடுத்துவிடுவதால் அவனுக்குச் சுட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. இரண்டு விடைகளும் தாளில் தவறாகவே பதிவாகும். இந்த இரண்டு கட்ட முறையை அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில், உரையாடலுக்குப் பின்னும் ஐயம் நீங்காத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. ஆனால் அதே குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேரிடம் ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது. உங்கள் நிலைமைக்கு இந்த இரண்டு எண்களும் சேர்ந்தேதான் பொருள் தரும்: ஆட்டிசம் என்று முடிவுகட்டிவிட முடியாது, ஒன்றுமில்லை என்று தாளை மடித்து வைத்துவிடவும் முடியாது.

முறையான மதிப்பீடு என்பது குறைந்தது ஒரு மணி நேரமாவது எடுக்கும். பல குழந்தைகளுக்கு இரண்டு நாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் பெற்றோருடன் பேசுவதில்தான் தொடங்கும். கருவுற்றிருந்தபோது சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு இருந்ததா, பிறந்தவுடன் அழுதானா, மூச்சுக்கு இயந்திரம் தேவைப்பட்டதா, வலிப்பு வந்ததா, காமாலை எந்த அளவுக்குப் போனது, எப்போது முகம் பார்த்துச் சிரித்தான், எப்போது கழுத்து நின்றது, எப்போது குப்புற விழுந்தான், வந்த திறமை ஏதாவது பின்பு மறைந்ததா என்று வரிசையாகக் கேட்போம். உறவுக்குள் திருமணமா என்றும் கேட்போம். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முடிப்பது பரவலாக இருப்பதால், சில மரபணு நோய்களை நினைவில் வைத்துக்கொள்ள அந்தத் தகவல் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எத்தனையோ தாய்மார்கள் தலைகுனிவதைப் பார்த்திருக்கிறேன். அது குற்றம் சாட்டும் கேள்வி அல்ல என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து உடல் பரிசோதனை. தலைச் சுற்றளவை அளந்து, முந்தைய அளவுகளோடு வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு நாள் அளவைவிட மாதக்கணக்கில் அது செல்லும் போக்கு அதிகம் சொல்லும். தசை இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா, இரண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறானா என்று பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் விரும்பிப் பயன்படுத்தும் குழந்தையைப் பார்த்து ‘இடக்கைப் பழக்கம்’ என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்த வயதில் அது மறு கையின் பலவீனத்தைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம். தோலில் வெளிறிய திட்டுகளோ காப்பி நிறத் திட்டுகளோ உள்ளனவா என்று ஆடையைக் களைந்து தேட வேண்டும், ஏனெனில் மூளையும் தோலும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன. பையனைத் தொடாமலேயே, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி மதிப்பீடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

பிறகுதான் அளவுகோல்கள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 உருப்படிகள் கொண்ட அட்டவணை, பிறப்பு முதல் இரண்டு வயது வரை சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய தொடக்கச் சோதனை. கிராம அளவில் சுகாதாரப் பணியாளர்களும் செய்யலாம். விரிவான மதிப்பீட்டுக்கு நம் நாட்டில் அதிகம் பயன்படுவது டாசி என்னும் அளவுகோல். அமெரிக்காவில் உருவான பெய்லி அளவுகோலை பரோடாவில் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது அது. 30 மாதம் வரை பொருந்தும் அதில் உடலியக்கத்துக்கு 67 உருப்படிகளும் மன வளர்ச்சிக்கு 163 உருப்படிகளும் உண்டு. மணி, கட்டைகள், கோப்பை, படப் புத்தகம், பொம்மை ஆகியவை அடங்கிய பெட்டியோடு பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு தரையில் அமர்ந்து இதைச் செய்வார். கிடைக்கும் வளர்ச்சி வயதைக் குழந்தையின் வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வளர்ச்சி ஈவு. 70-க்குக் கீழே போனால் தாமதம் என்று கொள்வது வழக்கம். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கில் திருத்திய வயதைப் போட்டார்களா என்று கேளுங்கள். இந்த ஒரு தவறு அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதிலும் நேர்மை வேண்டும். இரண்டு வயதில் வரும் ஈவு, பத்து வயதில் அவன் எப்படிப் படிப்பான் என்பதைச் சொல்லாது; மிகக் குறைந்த மதிப்பெண்களே ஓரளவு நிலைத்து நிற்கின்றன. தூக்கக் கலக்கம், பசி, சளி, ஊசி போட்ட அறையைப் போல இருக்கும் அறை, முன்பின் தெரியாத முகம் இவற்றில் எது இருந்தாலும் ஒரு குழந்தை பத்துப் பதினைந்து புள்ளிகள் குறைவாகக் காட்டக்கூடும். அதனால் ஒரே நாளில் கிடைத்த ஒற்றை எண்ணைவிட, உடலியக்கம், பேச்சு, புரிதல், பழகுதல் என எந்தெந்தத் துறையில் எத்தனை மாதத்துக்குரிய திறமை இருக்கிறது என்ற விவரத்தைத்தான் நான் மதிக்கிறேன். இரண்டோ அதற்கு மேற்பட்ட துறைகளிலோ கணிசமாகப் பின்தங்கினால் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்கிறோம். ஐந்து வயதுக்கு முன்பு மட்டுமே பயன்படுத்த வேண்டிய தற்காலிகப் பெயர் அது.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, எந்த மதிப்பெண்ணையும்விட நான் அறிய விரும்புவது பேச்சைச் சுற்றியுள்ள மற்றவற்றை. சைகை காட்டாமல் ‘செருப்பை எடுத்து வா’ என்றால் எடுத்து வருகிறானா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா? பேருந்தைப் பார்த்தால் உங்களுக்கும் காட்ட வேண்டும் என்று விரல் நீட்டி, நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போல விளையாடுகிறானா? நம் முன்னோர் பிள்ளைத்தமிழில் வருகைப் பருவத்தை அடுத்து அம்புலிப் பருவத்தை வைத்தார்கள். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நிலவைக் காட்டி, அதை விளையாட அழைக்கும் பருவம் அது. இன்றைய மதிப்பீட்டிலும் அந்த வயதில் நாங்கள் தேடுவது அதைத்தான்: தொலைவில் உள்ள ஒன்றைக் காட்டும்போது குழந்தை உங்கள் விரல் நுனியைப் பார்க்கிறதா, விரல் காட்டும் திசையில் நிலவைப் பார்க்கிறதா, பார்த்த மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்கிறதா? இந்தப் பகிர்வு நன்றாக இருந்து, சொன்னது புரிந்து, சொல் மட்டும் வராத குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னாளில் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். பகிர்வும் சைகையும் சேர்ந்தே குறைவாக இருந்தால் ஆட்டிசத்துக்கான முழு மதிப்பீடு கட்டாயம். எட்டிவிடும் குழந்தை எது, எட்டாத குழந்தை எது என்பதை இருபது மாதத்தில் முன்கூட்டிப் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. நல்ல அனுபவம் உள்ள குழு இரண்டு வயதளவில் ஆட்டிசத்தைப் பெரும்பாலும் நம்பகமாகக் கண்டறியும். எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைகளுக்கு ‘ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கிறேன்’ என்று சொல்வதே நேர்மையான பதில், அந்த ஆறு மாதமும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும் என்ற நிபந்தனையோடு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்பது என்னை வருத்துகிறது. அவனுக்குக் காது கேட்கிறதா என்று இதுவரை முழுமையாகப் பார்த்தார்களா? பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதல் சோதனை செவித்திறன்தான். குறைப்பிரசவம், தீவிர சிகிச்சைப் பிரிவு, காமாலை ஆகிய மூன்றும் உங்கள் மகனுக்குச் சேர்ந்திருக்கின்றன. மூன்றுமே செவித்திறன் குறைய வாய்ப்பைக் கூட்டுபவை. தட்டு விழுந்தால் திரும்புகிறான், டி.வி. பாட்டுக்கு ஆடுகிறான் என்பது போதாது. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்டு, ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய உயர் ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது காதில் சிறு குமிழை வைத்து ஒரு சோதனை செய்து ‘பாஸ்’ என்று எழுதியிருக்கலாம். ஓ.ஏ.இ. என்ற அந்தச் சோதனை உட்செவி வரைதான் பார்க்கும்; உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் பழுதை அது தவறவிட்டுவிடும். காமாலை கடுமையாக இருந்த குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கும் அந்தப் பழுது வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஒலி அந்த நரம்பு வழியாக மூளைத் தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனை வேண்டும். குழந்தை தூங்கும்போது செய்வது. அன்று காலை சீக்கிரம் எழுப்பி, பகல் தூக்கம் தராமல் அழைத்துப் போனால் பெரும்பாலும் எளிதில் முடிந்துவிடும். தேவையானால் மருத்துவர் தூக்க மருந்து தருவார். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி என்பது செவித்திறனில் உலகெங்கும் ஏற்ற கால அளவு. நாம் ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்கிறோம் என்பதால், இந்த ஒரு சோதனையை இம்மாதமே செய்துவிடுங்கள்.

இரத்தச் சோதனைகளில் தைராய்டு, இரும்புச் சத்து ஆகியவற்றைப் பெரும்பாலும் பார்ப்போம். சைவ உணவு மட்டும் உண்ணும் குடும்பத்தில், தாய்ப்பாலை நீண்ட காலம் நம்பி வளர்ந்த குழந்தை என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பேன். அந்தக் குறைபாடு சிரிப்பையும் அசைவையும் மங்கச் செய்யும். சீக்கிரம் கண்டறிந்தால் ஊசி மருந்தில் பெரிதும் திரும்பிவிடும். ஒட்டுமொத்தத் தாமதம் இருந்தால் மரபணுச் சோதனைகளுக்கு இடமுண்டு. பதினெட்டு மாதமாகியும் நடக்காத ஆண் குழந்தைக்குத் தசை நோயைக் கண்டறிய சி.பி.கே. என்ற எளிய இரத்தச் சோதனை தவறக் கூடாது. உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. பேச்சு மட்டும் தாமதமாகி, உடல் பரிசோதனையில் ஒன்றும் இல்லாத குழந்தைக்கு எடுத்த எடுப்பில் மூளை எம்.ஆர்.ஐ. தேவையில்லை. வலிப்போ வலிப்பின் சாயலோ இல்லாதபோது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. தேவையில்லை.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் அதைத் தட்டிக் கழிப்பது கடினமாக இருக்கிறது. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பின்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த வேறுபாடு ஓரிரு மாத அளவுதான், ஒன்றரை வருடம் அல்ல. தந்தை மூன்று வயதில் பேசினார் என்பதை நான் ஆறுதலாகக் கேட்க மாட்டேன், குறித்துக்கொள்ள வேண்டிய தகவலாகக் கேட்பேன். மொழி வளர்ச்சிக் குறைபாடு குடும்பங்களில் தொடர்ந்து வருவது. தந்தைக்குத் தாமதம் இருந்தது என்பது மகனைச் சீக்கிரம் பார்க்க இன்னொரு காரணம். நாக்கின் அடியில் உள்ள சதை இறுக்கமாக இருப்பதால் பேச்சு வராமல் போவதில்லை. சில ஒலிகளின் உச்சரிப்பு வேண்டுமானால் பாதிக்கலாம். வசம்பு தேய்ப்பதால் சொல் வராது. வீட்டில் தமிழும் பக்கத்து வீட்டில் தெலுங்கும் கேட்பதால் குழந்தை குழம்பிப் போவதுமில்லை. இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைக் கூட்டி எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

கைப்பேசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரை. திரை அதிகமான குழந்தைகளுக்குப் பேச்சு குறைகிறது என்பதற்கான தொடர்பு பல ஆய்வுகளில் தெரிகிறது. கைப்பேசிதான் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று இப்போது பரவலாகப் பேசப்படுவது மருத்துவ வகைப்பாட்டில் உள்ள நோய்ப்பெயர் அல்ல. திரையை நிறுத்துங்கள், நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடும் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் சமைக்கும்போது கைப்பேசியைக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உங்களையே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

தெரபி வேண்டுமா என்றால், வேண்டும். பெயர் உறுதியாகும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பணம் கட்டும் முன், மையத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா? அடுத்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் திறமையை எதிர்பார்க்கிறார்கள், அதை எழுத்தில் தருவார்களா? பயிற்சி நடக்கும்போது நீங்கள் உள்ளே அமரலாமா? கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் பயிற்சியால் இந்த வயதில் பயன் குறைவு. குழந்தை விழித்திருக்கும் நேரம் முழுவதும் உங்களோடு இருக்கிறான், வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அவர்களோடு. ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே தெளிவாக்கியிருக்கிறது.

இதற்கிடையில் வீட்டில் நீங்களே தொடங்கலாம். அவன் பார்க்கும் பொருளின் பெயரை, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒன்றிரண்டு சொற்களில் சொல்லுங்கள். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று தேர்வு வைக்க வேண்டாம். வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் இரு கையில் காட்டி, ‘பழமா? பிஸ்கட்டா?’ என்று கேட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பார்வையோ, கையோ, ஒலியோ எதில் பதில் வந்தாலும் அதைச் சொல்லாக்கித் திருப்பிச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அழ வைத்துக் காத்திருக்கக் கூடாது. ‘சாய்ந்தாடம்மா’, ‘கைவீசம்மா’ போன்ற பாட்டுகளில் கடைசிச் சொல்லை நிறுத்திவிட்டு அவனைப் பாருங்கள். பாட்டியை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருக்கும் நேரமும் பொறுமையும் எந்த மையத்திலும் கிடைக்காது.

சில அறிகுறிகள் தென்பட்டால் முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. வந்த சொற்களோ, சிரிப்போ, பார்வையோ, நடையோ மறையத் தொடங்கினால், எந்த வயதானாலும், அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக இன்னொன்று: கைக்குழந்தை தூங்கி எழும் நேரத்தில் தலையும் கைகளும் குபுக்கென்று முன்னோக்கி மடங்கும் அசைவு கொத்துக் கொத்தாக வந்தால், அதை வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அது குழந்தைப் பருவ வலிப்பு வகைகளில் ஒன்றாக இருக்கலாம்; அதில் ஒவ்வொரு நாள் தாமதமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அசைவைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.

எங்கே போவது என்றால், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். குழந்தை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் ஆகியோர் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு, கட்டணம் கிடையாது. எல்லா மாவட்டத்திலும் எல்லாப் பணியிடங்களும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன்; பெரா கருவியும் உளவியலாளரும் இருக்கிறார்களா என்று முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாளச் சான்றிதழைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஆட்டிசம் உறுதியாகித் தேவைப்பட்டால் அதற்கென 40 உருப்படிகள் கொண்ட இந்திய அளவுகோல் தனியாக இருக்கிறது, அதற்குக் காலமும் இருக்கிறது.

போகும்போது பிறந்த மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கம், தடுப்பூசி அட்டை, காமாலை அளவு எழுதிய தாள்கள், அந்த மையத்தில் நிரப்பிய வினாத்தாளின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நகலைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. வீட்டில் அவன் இயல்பாக விளையாடும்போதும், சாப்பிடும்போதும், பெயர் சொல்லி அழைக்கும்போதும் எடுத்த இரண்டு மூன்று நிமிடக் காணொளிகள் சில இருந்தால், அறிமுகமில்லாத அறையில் அவன் வாய் மூடி உட்கார்ந்திருந்தாலும் எங்களால் நிறையத் தெரிந்துகொள்ள முடியும். முதலில் பெரா, அதே வாரத்திலோ அடுத்த வாரத்திலோ பேச்சுப் பயிற்சியாளர், அடுத்த நான்கைந்து வாரங்களுக்குள் முழு வளர்ச்சி மதிப்பீடு, திருத்திய வயது 24 மாதம் நிறையும்போது மறுபடியும் ஒரு மதிப்பீடு என்ற வரிசையில் செய்யுங்கள். பெரா முடிவு வந்ததும் அந்த விவரத்தையும், மேலே கேட்டிருக்கும் செருப்பு, பேருந்து, பொம்மை பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் கண்ட விடைகளையும் இங்கே எழுதினால், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முயல்கிறேன்.